நண்டுக்கு வந்த அழைப்பு

சுஜீவன் முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது, பிறகு சொல்வதற்கு இந்தக் கதையில் இடம் கிடைக்காது. அரசாங்க உத்தியோகம், சபையில் வேதபாடம் வாசிக்கிற கணீரென்ற குரல், கொக்குவிலில் சுற்றுமதில் கட்டிய வீடு, கெட்டிக்காரியான மனைவி எல்லாம் அவனுக்கு உண்டு. இவ்வளவும் இருக்கிற ஒருவன், ஒரு வருஷத்தின் கடைசி நாளில் பாதியைத் தன் சொந்த வீட்டின் பின்னறையில் ஒளிந்திருந்து, இருமவும் பயந்து கழித்தான் என்றால் அதற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல. புளுகு.

இளவயதில் மூன்று வருஷம் அவன் கொழும்பில் வேலை பார்த்தான். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை. றொஷான், றஞ்சித், அவன் என்று மூன்று பேர், ஒரு மின்விசிறி. பிறகு அவன் மாற்றலாகி ஊருக்கு வந்துவிட்டான். மற்ற இருவரும் அங்கேயே நின்று பெருத்தார்கள். றொஷான் சொந்தமாகக் கம்பனி வைத்து, கடல் தெரிகிற அடுக்குமாடியில் வீடு வாங்கினான். அதன் பிறகு அந்த நட்பு பெரும்பாலும் சுஜீவனின் வாயில்தான் வளர்ந்தது. வேலை பார்க்கிற கந்தோரில் யாராவது கொழும்பு என்று வாயெடுத்தால் போதும், “உதென்ன, என்ரை பெடியள் அங்கை நிக்கிறாங்கள், ஒரு கோல் அடிச்சாக் காணும்” என்று ஆரம்பித்துவிடுவான். பெடியள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவனோடு கதைப்பார்கள். மாம்பழக் காலத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. இந்தக் கணக்கை அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

மார்கழியில் பேசும்போது றொஷான் தவறாமல் ஒன்று சொல்வான். “புதுவருஷத்துக்கு வாடா மச்சான். எங்கடை மொட்டைமாடியிலை நிண்டால் காலிமுகத்திடல் வாணவேடிக்கை முழுக்கத் தெரியும்.” சுஜீவனும் தவறாமல், “பாப்பம் மச்சான், லீவு கஷ்டம்” என்பான். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. இந்த மார்கழியில் சுஜீவனுக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, “ஓம் மச்சான், இந்த முறை வாறன்” என்று சொல்லிவிட்டான்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் சரியில்லை என்று சுஜீவன் நினைத்துக்கொண்டான்.

“வா, வா,” என்றது கடைசியில் றொஷானின் குரல். “வரேக்கை நண்டு கொண்டு வாறியே?”

அவ்வளவுதான், ஊருக்குச் செய்தி போய்விட்டது. கந்தோரில் சொன்னான். தலைமயிர் வெட்டுகிற இடத்தில் சொன்னான். புதுவருஷக் காலை ஆராதனையில் தன்னால் வேதபாடம் வாசிக்க முடியாது, தலைநகரில் நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று போதகரிடம் கவலைப்பட்ட முகத்தோடு சொன்னான். யாழ்ப்பாணம் போய் மாதுளம்பழ நிறத்தில் மினுமினுக்கிற சேட் ஒன்று வாங்கி வந்தான். அதைப் பார்த்த அவன் மனைவி மதுஷா, “உதைப் போட்டுக்கொண்டு இஞ்சை ஒரு இடமும் போகேலாது” என்றாள்.

“இஞ்சை போடுறதுக்கு ஆர் வாங்கினது?” என்றான் அவன்.

அவள் கூடப் போகிற எண்ணத்தில் இல்லை. “உங்கடை பெடியளுக்குள்ளை எனக்கென்ன வேலை, நீங்கள் போங்கோ” என்று சொல்லிவிட்டாள். சபையின் மாதர் சங்கத்துப் புதுவருஷத் தேநீர் அவள் பொறுப்பில் இருந்தது.

ஊரில் ஒருவன் கொழும்புக்குப் போகிறான் என்றால் அவன் வெறுங்கையோடு போக அயலவர்கள் விடமாட்டார்கள். அங்கே மகன் இருப்பவர், மகள் இருப்பவர், மச்சாள் இருப்பவர் என்று ஒவ்வொருவரும் ஒரு பொதியோடு வருவார்கள். இந்த முறை சுஜீவனுக்கு வந்தது எதிர்வீட்டு லூர்த்தம்மாவின் பெட்டி ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று பத்துக்குச் சமம்.

லூர்த்தம்மா கணவனை இழந்தவர். ஒரே மகள் நிவேதனா தெகிவளையில் இருக்கிறாள். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்தின கிழமைதான் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. தாய் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். ஆனால் லூர்த்தம்மாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன் நடந்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்தார். பிரயாணம் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தான் போக முடியாத இடத்துக்குத் தன் கையால் செய்த சரக்குத்தூளாவது போகட்டும் என்று, பிள்ளை பெற்றவளுக்கான மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் பக்குவமாக வறுத்து இடித்து, குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துணிகளும் மடித்து வைத்து, பால்மா வந்த ஒரு பழைய மாப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, அவள் கடைத்தூளிலைதான் கறி வைச்சுத் தின்னுறாள். அதை நினைச்சா எனக்குத் தொண்டைக்குள்ளை சோறு இறங்குதில்லை,” என்றார். “உம்மை நம்பித்தான் இருக்கிறன்.”

“யோசியாதேங்கோ அன்ரி. என்ரை சிநேகிதன்ரை காரிலை கொண்டுபோய் நிவேதனாவின்ரை கையிலை குடுப்பன்,” என்றான் சுஜீவன். காரைப் பற்றி றொஷானுக்குத் தெரியாது.

முப்பதாம் திகதி விடியவே மோட்டார்சைக்கிளில் தொண்டைமானாற்றுக்குப் போய், களப்பில் பிடித்த பெரிய நண்டுகளாகப் பார்த்து வாங்கினான். கால்களைக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் மூச்சுவிட ஓட்டைகள் போட்டு, அவற்றைக் கொண்டுவந்த பக்குவம் பார்க்க வேண்டியது. தன் கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு நிதானமாக வண்டி ஓட்டியதில்லை. இரவு பஸ்ஸில் யன்னல் ஓர சீற் பதிவு செய்திருந்தான். சேட் மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் இருந்தது. மத்தியானம் றொஷான் போன் எடுத்தான்.

“மச்சான், நண்டு எடுத்திட்டியே?”

“எடுத்திட்டன். எல்லாம் உயிரோடை.”

“கெட்டிக்காரன். ஒண்டு சொல்ல வேணும், குறை நினையாதை. இந்த முறை மேலை எங்கடை கம்பனி ஆக்கள், வெளிநாட்டுக்காறர் எண்டு கொஞ்சப் பேர் வருகினம். இருக்கவும் இடமில்லை. உனக்கும் சரிவராது. நீ ஏன் சும்மா உவ்வளவு தூரம் மினக்கெடுவான்? நண்டைப் பஸ்ஸிலை போட்டு விடன். காலமை டிறைவரை விட்டு எடுப்பிக்கிறன்.”

இதற்கு ஒரு மனிதன் என்னென்னவோ சொல்லலாம். சுஜீவன் சொன்னது, “ஓம் ஓம், அதுதான் சுகம்.” சொன்னது மட்டுமல்ல, போனை வைக்கும்போது நன்றி என்றும் சொன்னான்.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தான். நண்டுகள் அமைதியாக இருந்தன. அவற்றுக்கு இடம் இருந்தது, அவற்றைக் கூட்டிப்போக டிறைவரும் வருவான். சுஜீவனுக்கு நெஞ்சு வலித்தது. நாற்பது வயதில் ஒருவன் இதற்கெல்லாம் கலங்குவதா என்று வெட்கமும் வந்தது. இரண்டில் எது பெரிது என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

மதுஷாவிடம் நடந்ததைச் சொன்னான். “சரி, போகட்டும். ரெண்டு பெட்டியையும் பஸ்ஸிலை போட்டிட்டு, லூர்த்தம்மா அன்ரியிட்டை விஷயத்தைச் சொல்லுவம்,” என்றாள் அவள்.

“சொல்லேலாது.”

“ஏன்?”

“ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்.”

அவன் கண்டுபிடித்த வழி இதுதான். மாலையில் எல்லாரும் பார்க்கப் பயணப்பெட்டியோடு வெளிக்கிடுவது. பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இருட்டியதும் வீட்டின் பின்னால் போகிற ஒழுங்கை வழியாக வந்து உள்ளே புகுந்துகொள்வது. புதுவருஷம் முடிந்ததும் கொழும்பிலிருந்து களைத்து வந்ததுபோல முன்வாசலால் வெளியே வருவது. இதைச் சொல்லும்போது அவனுக்கே அது கொஞ்சம் கெட்டித்தனமாகத்தான் பட்டது.

“நான் பொய் சொல்ல மாட்டன்,” என்றாள் மதுஷா. அவள் மிஷன் பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவரின் மகள். பொய் சொல்வது அவர்கள் வீட்டில் பல்லு விளக்காமல் இருப்பதுபோல ஒரு அசுத்தம்.

“நீர் பொய் சொல்ல வேண்டாம். நான் வீட்டிலை இல்லையெண்டு மட்டும் சொல்லும்.”

“அதுதான் பொய்.”

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவன் எங்கே என்று அவள் சொல்லமாட்டாள். அதற்கு மேல் கர்த்தர் விட்ட வழி.

பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் பெட்டிகளுக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது. லூர்த்தம்மா கொண்டுவந்த மாப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஒரு பக்கத்தில் ‘றொஷான்’ என்று பெரிய எழுத்தில் பெயரும் போன் இலக்கமும் இருந்தன. எழுதியவன் சாட்சாத் சுஜீவனேதான். போன மாம்பழக் காலத்தில் றொஷானுக்கு அனுப்பவென்று எழுதி வைத்த பெட்டி. பழம் அதற்குள் கனிந்துவிட்டதால் வேறு பெட்டியில் வேறு பழம் அனுப்பினான். எங்கள் ஒழுங்கைகளில் நல்ல பெட்டியை யாரும் எறிவதில்லை. அது நத்தாருக்கு மதுஷாவின் பலகாரத்தோடு எதிர்வீட்டுக்குப் போய், இப்போது சரக்குத்தூளோடு திரும்பி வந்திருந்தது. லூர்த்தம்மாவின் கண்ணுக்கு அந்த எழுத்துத் தெரிந்திருக்க நியாயமில்லை. சுஜீவன் அதன்மேல் ஒரு தாளை ஒட்டி, நிவேதனாவின் கணவன் பிரவீணனின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி, காலையில் பஸ்ஸடிக்கு வந்து பெட்டியை எடுக்கும்படி அவனுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பினான். நண்டுப் பெட்டியிலும் ஒரு தாள் ஒட்டி றொஷானின் பெயரை எழுதினான். பஸ்ஸில் மாப்பெட்டியைக் கீழே வைத்து, நசிந்துவிடாமல் நண்டுப் பெட்டியை அதன்மேல் தன் கையாலேயே வைத்தான். ஈரச்சாக்கு இரவு முழுவதும் என்ன செய்யும் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் தன் துக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் முப்பத்தோராம் திகதி. பின்னறை என்பது அந்த வீட்டில் பழைய பத்திரிகைகளும், நெல்லுச்சாக்கும், உடைந்த தொட்டிலும், நத்தார் சோடனைகளும் போடுகிற இடம். அதற்குள் ஒரு பாயில் சுஜீவன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு படுத்திருந்தான். காலையில் மதுஷா தோசை கொண்டுவந்து கொடுத்தாள். நோயாளிக்குக் கொடுக்கிற முகத்தோடு கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் லூர்த்தம்மாவின் குரல் கேட்டது.

“பிள்ளை, சுஜீவன் தம்பி போய்ச் சேர்ந்திட்டாரோ?”

“பஸ் நேரத்துக்குப் போயிட்டுதாம் அன்ரி,” என்றாள் மதுஷா.

“தம்பி சுகமா இருக்கிறாரோ?”

“சுகமா இருக்கிறார். காலமை நல்லாச் சாப்பிட்டவர்.”

“கொழும்பிலை எவடத்திலை நிக்கிறார்?”

“அதைச் சொல்லேலாது அன்ரி.”

கதவுக்குப் பின்னால் சுஜீவனுக்கு மனைவியின் மேல் பெரும் மதிப்பு வந்தது. ஒரு பொய்கூட இல்லை. அந்த மதிப்போடு அவன் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான். நெல்லுச்சாக்கின் தூசு உள்ளே போனது.

சுஜீவனின் தும்மலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது ஒன்றோடு நிற்காது. ஒருமுறை ஆராதனையில் அவன் தும்மத் தொடங்கி, போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முடியும்வரை காத்திருந்திருக்கிறார். தலையணையை முகத்தில் அமுக்கிப் பார்த்தான். அமுக்க அமுக்க அது வேறு வழியால் வந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் வெளியே பேச்சுக் கேட்டது.

“மழைக்குணமாக் கிடக்கு,” என்றார் லூர்த்தம்மா. பிறகு செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

அவர் நம்பிவிட்டார் என்று சுஜீவன் முடிவு செய்தான். மனிதன் தனக்கு வசதியானதை எவ்வளவு சுலபமாக நம்புகிறான்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது. அழுதுகொண்டு வந்தார்.

“பிள்ளை, பிரவீணன் இப்பதான் போன் எடுத்தவன். பஸ்காறன் குடுத்த பெட்டியை நிவேதனா திறந்தாளாம். உள்ளுக்கை நண்டாம். கட்டின நண்டு கண்ணை நீட்டிக்கொண்டு பாக்குதாம். பச்சைப்பிள்ளைக்காறி பயந்துபோனாள். சரக்குத்தூள் இல்லையாம், துணியும் இல்லையாம்.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “நான் போயிருக்க வேணும். இந்தக் கண் போனாப் போகட்டுமெண்டு போயிருக்க வேணும். முதல் பிள்ளைக்கு ஒரு தாய் செய்யிறதை நான் செய்யேல்லை.”

“அழாதேங்கோ அன்ரி. இப்பதான் ஒப்பரேசன் செய்த கண்,” என்றாள் மதுஷா.

என்ன நடந்திருக்கும் என்று சுஜீவனுக்கு உடனே விளங்கிவிட்டது. நண்டுச் சாக்கின் தண்ணீர் வடிந்து, இரண்டு தாள்களும் கழன்று விழுந்திருக்கும். மாப்பெட்டியில் தான் எழுதிய பழைய பெயர் வெளியே தெரிந்திருக்கும். றொஷான் என்று எழுதியிருந்த பெட்டியை றொஷானின் டிறைவரிடமும், எஞ்சியதைப் பிரவீணனிடமும் பஸ்காறன் கொடுத்திருப்பான். அவனில் பிழை இல்லை. சரக்குத்தூள் இப்போது கடல் தெரிகிற வீட்டில் இருக்கிறது. பாயில் இருந்தபடியே, வாயைக் கையால் பொத்திக்கொண்டு றொஷானை அழைத்தான்.

“டேய், நண்டு எங்கையடா?” என்றுதான் றொஷான் ஆரம்பித்தான். “பெட்டியைத் திறந்தால் என்னவோ தூள் மணக்குது. நான் எல்லாருக்கும் நண்டெண்டு சொல்லிப்போட்டன்.”

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு முழிப்பவன் தான் ஒருவன் மட்டுமல்ல என்று சுஜீவனுக்குச் சிறு ஆறுதலாக இருந்தது. பெட்டி மாறிய கதையைச் சொன்னான். “மச்சான், அது பிள்ளை பெத்த பிள்ளைக்குப் போற சரக்குத்தூள். தெகிவளைதான். உன்ரை காரிலை ஒருக்காக் கொண்டுபோய்க் குடுத்துவிடன்.”

“இண்டைக்கோ? டிறைவரை வீட்டை விட்டிட்டன். இஞ்சை தலைக்கு மேலை வேலை. வருஷம் பிறக்கட்டும், பாப்பம்.” பிறகு குரல் இளகியது. “அவங்களுக்குச் சொல்லன், நண்டைக் கொண்டுவந்து தரச் சொல்லி. வரேக்கை தூளை எடுத்துக்கொண்டு போகட்டும்.”

சுஜீவன் போனை வைத்துவிட்டு, விலாசத்தை மதுஷாவுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினான். ‘பிரவீணனை இந்த இடத்தில் போய் மாற்றி எடுக்கச் சொல்லும். நான் சொன்னதாகச் சொல்லும்.’ வேலை முடிந்தது. தான் வெளியே வரவே தேவையில்லை. பாயில் சாய்ந்துகொண்டு, அவள் படித்துச் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

மதுஷாவின் போன் மேசையில் சத்தமிட்டது. அவள் எடுத்துப் பார்த்த மாதிரித்தான் இருந்தது. பிறகு அதைக் குப்புற வைக்கிற சத்தம் கேட்டது.

“அன்ரி, பெட்டி எங்கை கிடக்கெண்டு சுஜீவனுக்குத் தெரியும்,” என்றாள் அவள், கொஞ்சம் உரத்து. “அவரே வந்து சொல்லுவார்.”

சுஜீவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் அவனுக்கு மனைவியின் மேல் வந்தது மதிப்பு அல்ல. வெளியே லூர்த்தம்மா இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒப்பரேசன் செய்த கண்ணால் அழக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். சாரத்தை இறுக்கிக் கட்டினான். தலையில் ஒட்டியிருந்த நத்தார் சோடனைத் துண்டைக் கவனிக்கவில்லை. கதவைத் திறந்தான்.

லூர்த்தம்மா கறுப்புக் கண்ணாடியை அவன் பக்கம் திருப்பினார்.

“வாரும் தம்பி,” என்றார். “கொழும்பிலை நல்ல குளிரோ?”

அவன் கதிரையில் இருக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “நான் போகேல்லை அன்ரி. அவை என்னைக் கூப்பிடேல்லை. நண்டைத்தான் கூப்பிட்டவை. உங்களிட்டை அதைச் சொல்ல வெக்கமா இருந்தது.”

சொல்லி முடித்ததும் தன் குரல் வேதபாடம் வாசிக்கிற குரல் மாதிரியே இல்லை என்று அவனுக்குப் பட்டது.

“அது எனக்குக் காலமையே தெரியும்,” என்றார் லூர்த்தம்மா. “எனக்குக் கண்ணிலைதான் கோளாறு, காது நல்லாக் கேக்கும். இப்ப அந்தப் பெட்டி எங்கை?”

அவனே பிரவீணனை அழைத்தான். விலாசம் சொன்னான், மன்னிப்புக் கேட்டான். பிரவீணன் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற சாதுவான பெடியன். “பரவாயில்லை அண்ணை, பின்னேரம் மோட்டார்சைக்கிளிலை நண்டைக் கட்டிக்கொண்டு போய் மாத்தி எடுத்து வாறன். இண்டைக்கு ராவைக்கே நிவேதனாவுக்குச் சரக்குக்கறி வைக்கலாம்,” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் லூர்த்தம்மா மதுஷா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

போகும்போது வாசலில் நின்றார். “நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் எங்களிட்டை வாங்கோ. வருஷத்துக்கு நிவேதனா இல்லாத வீடு. சமைச்சுப்போட்டு நான் ஆரோடை இருந்து தின்னுறது?” இரண்டடி போய்த் திரும்பினார். “தம்பி, தலையிலை என்னவோ மினுங்குது. எனக்கே தெரியுது.”

புதுவருஷக் காலை சுஜீவன் சபைக் கோயிலுக்குப் போனான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது. வேதபாடம் வாசிக்க வேறொருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அவன் ஓரமாக ஒரு நீட்டு மர வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். விண்ணப்ப ஜெபத்தில் போதகர் கண்களை மூடி, நோயாளிகளுக்காக ஜெபித்தார், விதவைகளுக்காக ஜெபித்தார், பிரயாணத்தில் இருப்பவர்களிடம் வந்தார்.

“தலைநகரிலே தன் சிநேகிதரோடு புதுவருஷத்தைக் கொண்டாடும் எங்கள் சகோதரன் சுஜீவனை நினைத்தருளும். அவரை எந்தத் தீங்கும் அணுகாமல் காத்து, எங்கள் நடுவிலே மறுபடியும் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்ப்பீராக.”

சபை ஆமென் என்றது. பழக்கதோஷம், சுஜீவனும் சொன்னான். அந்தக் கணீரென்ற குரலில்.

போதகர் கண்ணைத் திறந்தார். முன்வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு மாதர் சங்கம் சிரித்தது. கடைசியில் போதகரும் சால்வையால் வாயைத் துடைப்பதுபோலப் பாசாங்கு செய்தார். அந்தச் சபையில் இவ்வளவு விரைவாகக் கேட்கப்பட்ட ஜெபம் இதுவரை இல்லை என்று ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். நடந்ததை அவன் மறைக்காமல் சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது நண்டுகள் கொஞ்சம் பெருத்திருந்தன. மதுஷா தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தாள், நண்டுகள் பழைய அளவுக்கு வந்தன.

மத்தியானம் அந்த மாதுளம்பழச் சேட்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். வேறு எங்கேயும் அதைப் போட முடியாது என்று தெரிந்துவிட்டது. லூர்த்தம்மா கண்ணாடிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “கறுப்புக் கண்ணாடிக்குள்ளாலையும் கூசுது தம்பி,” என்றார்.

கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, பப்படம். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும், பலகாரத் தட்டு போய்வந்ததைத் தவிர, அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது சுஜீவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘என்ரை பெடியள்’ பற்றிக் கதைக்கவே நேரம் போதாமல் இருந்தவனுக்கு எதிர்வீடு எங்கே தெரியப்போகிறது.

லூர்த்தம்மாவின் போன் மேசையில் கிடந்து சத்தமிட்டது. பிரவீணன் படங்கள் அனுப்பியிருந்தான்.

“நிவேதனா நேற்று ராவே சரக்குக்கறியோடை சோறு திண்டவளாம். ரெண்டாம்தரமும் போட்டுத் திண்டவளாம்,” என்று சொல்லிக்கொண்டு போனை அவனிடம் நீட்டினார். “இஞ்சை பாரும் தம்பி, இது என்ன படம்? எனக்கு வடிவாத் தெரியேல்லை.”

சுஜீவன் வாங்கிப் பார்த்தான். மொட்டைமாடி. பின்னால் ஆகாயத்தில் வாணம் விரிந்திருந்தது. நடுவில் பிரவீணன் மருந்துக்கடைச் சேட்டோடு கூச்சமாக நின்றான். அவன் தோளில் றொஷான் கை போட்டிருந்தான். மற்றப் பக்கம் றஞ்சித், தலையில் மயிர் குறைந்திருந்தது. மேசையில் நண்டுக்கறி.

“பெட்டியை மாத்திக் குடுத்துப்போட்டு, தூளை நிவேதனாவிட்டைச் சேர்ப்பிச்சவன். பிறகு பார்த்தால் அவை விடாமல் போன் எடுத்து, கட்டாயம் வர வேணும், நீ கொண்டுவந்த நண்டை நீ தின்னாமல் விடமாட்டம் எண்டு திருப்பிக் கூப்பிட்டவையாம்,” என்றார் லூர்த்தம்மா. “நிவேதனாதான் போட்டு வாங்கோ எண்டு அனுப்பினவள்.”

சுஜீவன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் காணவில்லை. சுவரோரமாக இரண்டு மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உவைதானோ உம்மடை சிநேகிதர்?” என்று கேட்டார் லூர்த்தம்மா.

“தெரிஞ்ச ஆக்கள் அன்ரி,” என்றான்.

மதுஷா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“உம்மைப் பற்றிக் கேட்டவையாம் மருமேனிட்டை.”

“என்ன கேட்டவை?” அவ்வளவு அவசரமாகக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான். அத்தனை வருஷத்து ஆசையும் அந்தக் கேள்வியில் இருந்தது. அது மேசையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

லூர்த்தம்மா பப்படத்தை உடைத்தார். சொல்வோமா விடுவோமா என்று யோசிப்பது தெரிந்தது. “அடுத்த வருஷமும் நண்டு வருமோ எண்டு.”

முதலில் சிரித்தது சுஜீவன்தான். பொய்ச் சிரிப்பாகத் தொடங்கி, பாதியில் உண்மையாகிவிட்டது. சோறு புரைக்கேறி, மதுஷா முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

“வரும் எண்டு சொல்லுங்கோ அன்ரி. ஆனா நண்டு கொக்குவில் மட்டும்தான் வரும். அவைக்கு வேணுமெண்டால் தங்களைப் பஸ்ஸிலை போட்டு விடச் சொல்லுங்கோ.”

இந்த வீரம் கறிப்பாத்திரம் திரும்ப ஒருமுறை சுற்றி வரும்வரை நின்றது. அதற்குள்ளேயே அவன் மனம், அவர்கள் உண்மையாக வந்தால் எந்த அறையில் படுக்க வைப்பது, பின்னறைக்கு வெள்ளையடிக்க வேண்டுமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அவனைத் திருத்துவது ஒரு புதுவருஷத்தால் ஆகிற காரியமில்லை.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தபோது லூர்த்தம்மா கேட்டார். “தம்பி, டொக்டர் விட்டால் தை முடிய நான் பேரனைப் பாக்கக் கொழும்புக்குப் போறன். உமக்கு அங்கை ஆருக்கும் ஏதும் குடுத்துவிடக் கிடக்கோ?”

ஊரில் கொழும்புக்குப் போகிற எவரும் அயலவனிடம் கேட்கிற கேள்விதான். சுஜீவனும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறான். அவனிடம் மற்றவர்கள் கேட்டபோதெல்லாம், “என்ரை பெடியளுக்கு” என்று ஏதாவது ஒரு பொதியைக் கையில் கொடுத்திருக்கிறான், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

துவாயில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

“இல்லை அன்ரி,” என்றான். “எனக்கு அங்கை ஒருத்தருமில்லை.”

மதுஷா பாத்திரங்களை அடுக்குவதை நிறுத்தினாள். லூர்த்தம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“அப்ப நல்லதாப் போச்சுது,” என்றார். “கை சும்மா இருக்கிற ஆள்தான் எனக்கு வேணும். பெட்டி தூக்க வாருமன். நிவேதனாவின்ரை வீட்டிலை ரெண்டு நாள் நிண்டு வருவம். சின்ன வீடுதான், எண்டாலும் உமக்கு ஒரு பாய் போட இடமிருக்கும்.”

“வாறன் அன்ரி,” என்றான் சுஜீவன்.

இந்த முறை அவன் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.